பிளாக் டயகிராம் சுருக்குதல்: பெட்டியை நகர்த்தினால் எது மாறும், எது மாறாது

ஒரு அமைப்பின் கணக்கைப் பெட்டிகளாகவும் அம்புகளாகவும் வரைந்த படம்தான் பிளாக் டயகிராம். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் அதைச் சுருக்குவதை எளிதான பகுதி என்பார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு அட்டவணை இருக்கும். இடது பக்கம் பழைய படம், வலது பக்கம் புதிய படம், பத்துப் பன்னிரண்டு வரிசை. அதை உருப்போட்டால் முழு மதிப்பெண் என்று சீனியர்கள் சொல்லி அனுப்புவார்கள். தேர்வில் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டு வெளியே வந்து புலம்புவதும் அதே அட்டவணையை உருப்போட்டவர்கள்தான்.

அட்டவணையில் தப்பில்லை. அதற்கு முன்பே மனதில் பதிந்துவிட்ட இரண்டு எண்ணங்களில்தான் தப்பு. பெட்டி என்றால் இயந்திரத்தின் ஒரு பாகம், கோடு என்றால் வயர் என்று நினைப்பது ஒன்று. சுருக்கிய படம் பழைய படத்துக்கு எல்லா வகையிலும் சமம் என்று நம்புவது மற்றொன்று. முதலாவதால் மதிப்பெண் போகும். இரண்டாவதால், வேலைக்குப் போன பிறகு மோட்டாரே போகலாம்.

## கோட்டில் ஓடுவது எண்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகு கரை சேர்ந்ததும் பங்குக் கணக்கு பார்ப்பார்கள். முறை படகுக்குப் படகு மாறும். இங்கே உள்ள எண்கள் கணக்கு வசதிக்காக வைத்தவை. பாடு, அதாவது பிடித்துவந்த மீன், 10,000 ரூபாய்க்கு ஏலம் போகிறது. கமிஷன் 10 சதவீதம் போக 9,000. டீசல், ஐஸ், சாப்பாடு என்று செலவு 3,000 கழித்தால் 6,000. அதில் பாதி சம்மாட்டிக்கு (படகு உரிமையாளருக்கு), பாதி ஆட்களுக்கு. ஆட்களின் பங்கு 3,000.

இதைப் படமாகப் போட்டால்:

ஏலத் தொகை → [× 0.9] → (− செலவு) → [× 0.5] → ஆட்கள் பங்கு

சதுரத்துக்குள் இருப்பது பிளாக். உள்ளே வரும் எண்ணைப் பெருக்கி வெளியே விடும். வேறு வேலை அதற்கு இல்லை. வட்டத்துக்குள் இருப்பது சம்மிங் பாயிண்ட். அங்கே எண்கள் கூடும் அல்லது கழியும். ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோடு பிரியும் புள்ளி டேக்-ஆஃப் பாயிண்ட்.

டேக்-ஆஃப் பாயிண்டில்தான் முதல் தடுமாற்றம் வரும். கமிஷன் போன பிறகு நிற்கும் 9,000 என்ற எண்ணைச் சங்கத்து நோட்டிலும் ஒருவர் குறித்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அதனால் இங்கே 9,000 குறையுமா? குறையாது. பிரிவது பணமாக இருந்தால் குறையும். நாம் பிரிப்பது கணக்கை. பிளாக் டயகிராமில் எந்தக் கோட்டிலிருந்தும் எத்தனை கிளை வேண்டுமானாலும் எடுக்கலாம்; எல்லாக் கிளையிலும் அதே எண்தான். சர்க்யூட்டில் கரண்ட் பிரிவதுபோல இதைப் பார்த்தால் கடைசிவரை குழப்பம் தீராது.

## இடம் மாற்றினால் ஈடு கட்ட வேண்டும்

அடுத்தடுத்து இரண்டு பிளாக் இருந்தால் பெருக்கி ஒன்றாக்கலாம். ஒரே எண் இரண்டு பிளாக்கில் தனித்தனியே புகுந்து பிறகு கூடினால், இரண்டையும் கூட்டி ஒன்றாக்கலாம். இவை இரண்டும் பள்ளிக்கூடக் கணக்கு.

மேலே உள்ள படத்தில் 0.9-ஐயும் 0.5-ஐயும் பெருக்கி 0.45 என்று உடனே போட முடியாது. நடுவில் செலவு கழிகிறது. சேர்க்க வேண்டுமானால் அந்தச் சம்மிங் பாயிண்டை முதலில் வழியிலிருந்து ஒதுக்க வேண்டும்.

பின்னால் தள்ளுவோம், அதாவது பாதியாக்கிய பிறகு செலவைக் கழிப்போம். அப்போது முழு 3,000-ஐயும் கழித்தால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். 10,000 × 0.45 = 4,500. அதில் கழிய வேண்டியது 3,000-ல் பாதி, 1,500. மிச்சம் அதே 3,000. ஆக, சம்மிங் பாயிண்ட் ஒரு பிளாக்கைத் தாண்டி ஓட்டத்தின் திசையில் போனால், கழிய வரும் எண்ணையும் அதே பிளாக்கால் பெருக்க வேண்டும்.

முன்னால் இழுத்தால், அதாவது கமிஷனுக்கும் முன்பே செலவைக் கழித்தால்? 3,000 கழித்தால் போதாது. பிறகு 0.9-ஆல் பெருக்கும்போது அந்தக் கழிவும் சுருங்கிவிடும். 3,000 ÷ 0.9, அதாவது 3,333.33 கழிக்க வேண்டும். (10,000 − 3,333.33) × 0.9 = 6,000. சரி.

டேக்-ஆஃப் பாயிண்டுக்கு இது தலைகீழ். சங்கத்து நோட்டில் விழ வேண்டியது 9,000. கிளையைக் கமிஷனுக்கு முன்னால் கொண்டுபோனால் அங்கே நிற்பது 10,000, கிளையில் ஒரு [× 0.9] சேர்த்தால்தான் 9,000 விழும். 10,000 விழ வேண்டிய கிளையைக் கமிஷனுக்குப் பின்னால் நகர்த்தினால் கிளையில் 0.9-ஆல் வகுக்க வேண்டும்.

எப்போது பெருக்கல், எப்போது வகுத்தல் என்று உருப்போட வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அம்பு போய்ச் சேரும் இடத்தில் முன்பு என்ன எண் இருந்தது? நகர்த்திய பிறகும் அதே எண் வர என்ன செய்ய வேண்டும்? அட்டவணையின் எல்லா வரிசையும் இந்தக் கேள்விக்குள் அடக்கம்.

இதுவரை பார்த்தது: பிளாக் பெருக்கும், சம்மிங் பாயிண்ட் கூட்டும் அல்லது கழிக்கும், டேக்-ஆஃப் பாயிண்ட் நகல் எடுக்கும். எதை நகர்த்தினாலும் கிளையில் ஈடு கட்டி, சேருமிடத்து எண்ணைக் காப்பாற்ற வேண்டும்.

## சுற்றி வரும் கணக்கு

இப்போது படகு டிரைவருக்குத் தனியாக “மிச்சத்தில் 20 சதவீதம்” என்று பேசியிருக்கிறார்கள். செலவு போக நிற்பது 6,000. ஆனால் மிச்சம் என்பது டிரைவருக்குக் கொடுத்தது போக நிற்கும் தொகை என்று ஒப்பந்தம். டிரைவர் பணம் தெரிய மிச்சம் தெரிய வேண்டும். மிச்சம் தெரிய டிரைவர் பணம் தெரிய வேண்டும். வெளியே வரும் எண் திரும்பி வந்து உள்ளே போகும் எண்ணைப் பாதிக்கிறது. இதற்குப் பெயர் ஃபீட்பேக்.

சுற்றிச் சுற்றிப் போட்டுப் பார்க்கலாம். 6,000-ல் 20 சதவீதம் 1,200, மிச்சம் 4,800. அதில் 20 சதவீதம் 960, மிச்சம் 5,040. அடுத்து 4,992. அடுத்து 5,001.6. கணக்கு 5,000-ஐ நெருங்கிக்கொண்டே போகிறது. ஒரே வரியில் முடிக்க: மிச்சம் = 6,000 − 0.2 × மிச்சம். எனவே மிச்சம் = 6,000 ÷ 1.2 = 5,000. டிரைவருக்கு 1,000.

இதைப் பொதுவாக எழுதினால் பாடத்தின் மிக முக்கியமான சூத்திரம் வந்துவிடும். முன்னோக்கிய பாதையில் உள்ள பெருக்கலை ஜி என்றும், திரும்பி வரும் பாதையில் உள்ளதை ஹெச் என்றும் வைத்தால்,

வெளியீடு ÷ உள்ளீடு = ஜி ÷ (1 + ஜி × ஹெச்)

நம் கணக்கில் ஜி 1, ஹெச் 0.2. திரும்பி வருவது கழிவதற்குப் பதில் கூடினால் கீழே 1 − ஜி × ஹெச். சம்மிங் பாயிண்டில் கழித்தல் குறி இருந்தால் சூத்திரத்தில் கூட்டல் குறி; இந்த இடத்தில் குறி மாறிப் போவதுபோல வேறெங்கும் போவதில்லை. ஐயம் வந்தால் சூத்திரத்தை மறந்துவிட்டு, மிச்சத்துக்கு எழுதியதுபோல ஒரு வரிச் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள்.

(மின் பெருக்கிகளுக்கு இந்த ஃபீட்பேக்கைப் பயன்படுத்தும் யோசனை ஹரோல்டு பிளாக் என்ற பொறியாளருக்கு 1927-ல் வந்தது, நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில். கையிலிருந்த செய்தித்தாளிலேயே சமன்பாட்டை எழுதிவைத்தாராம்.)

## எண்ணின் இடத்தில் எஸ் வரும்போது

பங்குக் கணக்கில் காலம் கிடையாது, போட்டவுடன் விடை. மோட்டார் அப்படி இல்லை. வோல்டேஜ் கொடுத்ததும் வேகம் உடனே வராது, மெல்ல ஏறும். வேகம் மாறும் வீதத்தையும் சமன்பாட்டில் கொண்டுவர வேண்டும். அதற்கு லாப்லாஸ் முறையில் எஸ் என்ற குறியைப் பயன்படுத்துவார்கள். ஒன்றை எஸ்-ஆல் பெருக்குவது என்றால், அது மாறும் வீதத்தை எடுப்பது. எஸ்-ஆல் வகுப்பது என்றால், அதைச் சேர்த்துக்கொண்டே போவது. வேகத்தை எஸ்-ஆல் வகுத்தால் கடந்த தூரம்.

ஒரு பிளாக்கின் வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்து, எஸ் கலந்து எழுதும் கோவைக்கு டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்று பெயர். 1 ÷ (2எஸ் + 1) என்பது ஒரு டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன். பெட்டிக்குள் 0.9-க்குப் பதில் இது உட்கார்ந்திருக்கும். பெருக்கும், வகுபடும், கூடும். மேலே பார்த்த எதுவும் மாறாது.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. உள்ளீட்டை இரட்டிப்பாக்கினால் வெளியீடும் இரட்டிப்பாக வேண்டும். தொடக்கத்தில் எல்லாம் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கியரில் பல் இடைவெளியால் வரும் ஆட்டமோ, உச்ச வோல்டேஜைத் தொட்டுவிட்ட ஆம்ப்ளிஃபையரோ முதல் நிபந்தனையை உடைத்துவிடும். அந்த எல்லைக்குள் நிற்கும்வரைதான் இந்த வித்தை.

## பாம்பனில் ஒரு மோட்டார்

பாம்பன் கால்வாயில் கப்பலுக்கு வழிவிட, 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் ஷெர்சர் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி நேர் செங்குத்தாக 17 மீட்டர் மேலே ஏறுகிறது. இந்த வகைப் பாலத்தில் நடுப்பகுதியின் எடையை மறுபுறம் தொங்கும் எதிர் எடைகள் தாங்கிக்கொள்ளும். மோட்டாரின் பாடு உராய்வோடும், பெரிய பாரத்தை நகர்த்துவதோடும், காற்றோடும்தான். வாடையும் கச்சானும் மாறி மாறி அடிக்கும் அந்த இடத்தில் காற்றைக் கணக்கில் சேர்க்காமல் எதையும் தூக்க முடியாது. பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்தார்கள்.

கீழே வரும் மோட்டார் அந்தப் பாலத்தின் மோட்டார் இல்லை. இதுமாதிரி வேலைக்குப் பாடப்புத்தகத்தில் எடுக்கும் டிசி மோட்டார். எண்கள் கையால் கணக்குப் போட வசதியானவை.

ஆம்ப்ளிஃபையரின் பெருக்கம் 10. மோட்டார் சுருளின் மின்தடை 0.5 ஓம், அதாவது வோல்டேஜை 2-ஆல் பெருக்கினால் கரண்ட். ஒரு ஆம்பியருக்கு ஒரு நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). டார்க்கிலிருந்து வேகத்துக்கு 1 ÷ (2எஸ் + 1). இங்கே 2 என்பது நிலைமம், 1 என்பது உராய்வு.

கட்டளை → (− 0.2 × கரண்ட்) → [10] → (− வேகம்) → [2] → கரண்ட் → [1] → (− காற்று டார்க்) → [1 ÷ (2எஸ் + 1)] → வேகம்

இதில் இரண்டு வளையம். சுழலும் மோட்டார் தானே எதிர்த்து உண்டாக்கும் வோல்டேஜைப் பேக் இஎம்எஃப் என்பார்கள். வேகத்திலிருந்து [2]-க்கு முன் திரும்பி வருவது அதுதான்; இங்கே விநாடிக்கு ஒரு ரேடியன் வேகத்துக்கு ஒரு வோல்ட், அதனால் கிளையில் பிளாக் [1] என்று தனியாகப் போடவில்லை. அதற்கென்று தனி வயர் எதுவும் மோட்டாரில் கிடையாது; இயற்பியல் போட்ட வளையம் அது. மற்றொன்று நாமே போட்டது: கரண்டை அளந்து, ஆம்பியருக்கு 0.2 வோல்ட் வீதம் தொடக்கத்தில் கழிக்கிறோம். எதற்கு என்றால், நிற்கும் மோட்டாரில் பேக் இஎம்எஃப் இருக்காது. 7 வோல்ட் கட்டளை கொடுத்தால் ஆம்ப்ளிஃபையரில் 70 வோல்ட், கரண்ட் 140 ஆம்பியர். சுருள் கருகும். கரண்ட் வளையம் இருந்தால் அதே கட்டளைக்குத் தொடக்கக் கரண்ட் 28 ஆம்பியர்தான்.

## பின்னிக்கிடக்கும் வளையங்கள்

ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் வளையங்களை உள்ளிருந்து ஒவ்வொன்றாகச் சூத்திரத்தால் மூடிக்கொண்டே வெளியே வரலாம். இங்கே அது நடக்காது. கரண்ட் வளையம் [10]-ஐயும் [2]-ஐயும் சுற்றுகிறது; பேக் இஎம்எஃப் வளையம் [2]-ஐயும் அதற்குப் பின் உள்ளதையும் சுற்றுகிறது. இரண்டுக்கும் [2] பொது. ஒன்று மற்றதற்குள் அடங்காமல் பின்னிக் கிடக்கின்றன. ஏதாவது ஒரு முனையை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

முதல் வழி, பெரும்பாலான மாணவர்கள் எடுப்பது: கரண்டிலிருந்து கிளம்பும் டேக்-ஆஃப் பாயிண்டை வேகத்துக்குத் தள்ளுவது. கரண்டை 1 ÷ (2எஸ் + 1)-ஆல் பெருக்கினால் வேகம். ஆக, வேகத்திலிருந்து கரண்டைத் திரும்பப் பெறக் கிளையில் (2எஸ் + 1)-ஆல் பெருக்க வேண்டும். கிளையின் மதிப்பு 0.2 × (2எஸ் + 1) ஆகிறது. இப்போது பேக் இஎம்எஃப் வளையம் உள்ளே அடங்கிவிட்டது. அதை மூடினால் 2 ÷ (2எஸ் + 3). முன்னால் உள்ள 10-ஐச் சேர்த்தால் 20 ÷ (2எஸ் + 3). வெளி வளையத்தையும் மூடினால்:

வேகம் ÷ கட்டளை = 20 ÷ (10எஸ் + 7)

இரண்டாவது வழி: பேக் இஎம்எஃப் கழியும் சம்மிங் பாயிண்டை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் இழுப்பது. [10]-ஐத் தாண்டி முன்னே வருவதால் 10-ஆல் வகுக்க வேண்டும், கிளையில் 0.1. இப்போது இரண்டு சம்மிங் பாயிண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. கழித்தலின் வரிசை முக்கியமில்லை என்பதால் இடம் மாற்றிக்கொள்ளலாம். கரண்ட் வளையம் உள்ளே அடங்கியது: 20 ÷ (1 + 20 × 0.2) = 4. பிறகு 4 ÷ (2எஸ் + 1), அதைச் சுற்றி 0.1. மூடினால் 4 ÷ (2எஸ் + 1.4). மேலும் கீழும் 5-ஆல் பெருக்குங்கள், அதே 20 ÷ (10எஸ் + 7).

வேகம் தன் இறுதி அளவில் 63 சதவீதத்தை எட்ட எடுக்கும் நேரம் 10 ÷ 7, ஏறத்தாழ 1.43 விநாடி.

இதுவரை: வளையங்கள் பின்னிக் கிடந்தால் ஒரு முனையை நகர்த்தி ஒன்றை மற்றதற்குள் அடக்க வேண்டும், பிறகு உள்ளிருந்து மூட வேண்டும். எந்த முனையை நகர்த்தினாலும் விடை ஒன்றுதான். விடை ஒன்றுதான் என்றால் எந்த வழியில் போனால் என்ன என்று தோன்றும். காற்று அடிக்காதவரை அது சரி.

## காற்று அடித்தால்

காற்று, டார்க்கை நேராகத் தாக்குகிறது. இதுமாதிரி நாம் கேட்காமல் உள்ளே புகும் உள்ளீட்டை டிஸ்டர்பன்ஸ் என்பார்கள். ஒரு நியூட்டன் மீட்டர் காற்றுக்கு வேகம் எவ்வளவு குறையும்? உள்ளீடுகள் பல இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பூஜ்யமாக்கி, தனித்தனியாக விடை கண்டு கடைசியில் கூட்டலாம். ஆகவே கட்டளையைப் பூஜ்யமாக்குவோம். கூடவே, இது உண்மையான அமைப்பு போல இருக்க, வெளியே ஒரு வேக வளையமும் போடுவோம்: கேட்ட வேகத்துக்கும் கிடைத்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 5-ஆல் பெருக்கிக் கட்டளையாகக் கொடுக்கிறோம்.

முதல் வழியில் சுருக்கிய படத்தை அப்படியே எடுத்துக் காற்றைச் சொருகினால் வருவது − 1 ÷ (10எஸ் + 107). நிலையான காற்றுக்கு எஸ் இடத்தில் 0 போட்டால், ஒரு நியூட்டன் மீட்டருக்கு விநாடிக்கு 0.0093 ரேடியன் குறைவு.

இரண்டாவது வழியில் வருவது − 5 ÷ (10எஸ் + 107). அதாவது 0.0467. ஐந்து மடங்கு!

இரண்டில் இரண்டாவதுதான் சரி. முதல் வழியில் டேக்-ஆஃப் பாயிண்டைக் கரண்டிலிருந்து வேகத்துக்குத் தள்ளியபோது, நடுவில் காற்று கழியும் சம்மிங் பாயிண்டைத் தாண்டினோம். “வேகம் × (2எஸ் + 1) = கரண்ட்” என்று அப்போது சொன்னது காற்று இல்லாதபோது மட்டும் உண்மை. காற்று இருந்தால் வேகம் × (2எஸ் + 1) என்பது கரண்டிலிருந்து காற்று டார்க்கைக் கழித்த மிச்சம். கிளை சேருமிடத்தில் பழைய எண் விழவில்லை. நகர்த்தலின் ஒரே நிபந்தனை அங்கே உடைந்துவிட்டது, ஆனால் படம் பார்க்க அழகாகவே இருக்கிறது. அந்தப் படத்தை நம்பினால் காற்றின் பாதிப்பு ஐந்தில் ஒரு பங்காகத் தெரியும்; அதற்கேற்றபடி மோட்டாரைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதை பாம்பன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுருக்கிய படம் காப்பாற்றுவது நீங்கள் குறிவைத்த ஒரு உள்ளீடு, ஒரு வெளியீடு, அவற்றுக்கு இடையே உள்ள உறவு. அவ்வளவே. நடுவில் இருந்த கரண்ட், பிழை (கட்டளையிலிருந்து கழித்தது போக நிற்கும் எண்), வோல்டேஜ் எல்லாம் படத்திலிருந்து போய்விட்டன. இயந்திரத்தில் அவை இருக்கத்தான் செய்கின்றன. இன்னொரு உள்ளீட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் மூலப் படத்துக்குத் திரும்புங்கள். அதனால்தான் மூலப் படத்தை அழிக்காமல் ஒவ்வொரு அடிக்கும் புதிதாக வரைய வேண்டும் என்பது. காகிதம் மிச்சம் பிடிப்பதில் லாபம் இல்லை.

கட்டளைக்கும் காற்றுக்கும் விடை வேறு, ஆனால் கீழே உள்ள 10எஸ் + 107 இரண்டிலும் ஒன்றுதான். ஒரே அமைப்பில் உள்ளீடு எங்கே புகுந்தாலும் கீழ்ப்பகுதி பொதுவாக மாறாது. மாறினால் எங்கோ சறுக்கியிருக்கிறோம் என்று சந்தேகிக்கலாம். ஆனால் மேலே பார்த்த தப்பில் கீழ்ப்பகுதியும் ஒத்துப்போகிறது, மேலே 5 மட்டும் தொலைந்திருக்கிறது. ஆகையால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி உட்கார முடியாது.

வேக வளையம் இல்லாவிட்டால் காற்றின் பாதிப்பு − 5 ÷ (10எஸ் + 7), நிலையான காற்றுக்கு 0.714. வளையம் போட்டதும் 0.0467. ஏறத்தாழ பதினைந்து மடங்கு குறைவு. ஃபீட்பேக் போடுவதே இதற்காகத்தான்.

## விடையைச் சரிபார்ப்பது

வேக வளையம் இல்லாத 20 ÷ (10எஸ் + 7)-ஐ எடுங்கள். எஸ் = 0, கட்டளை 7 என்றால் வேகம் 20 வர வேண்டும். மூலப் படத்தில் கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். வேகம் 20 என்றால் கரண்ட் 20. கழிவது 0.2 × 20 = 4. பிழை 7 − 4 = 3. ஆம்ப்ளிஃபையர் 30. பேக் இஎம்எஃப் 20 போக 10. இரண்டால் பெருக்கினால் 20 ஆம்பியர். ஒத்துப்போகிறது.

ஆனால் எஸ் = 0 மட்டும் போட்டு நிறுத்தக் கூடாது. முதல் வழியில் (2எஸ் + 1)-ஆல் பெருக்க வேண்டிய கிளையை வகுத்திருந்தாலும் எஸ் = 0 போட்டால் அது 1 ஆகிவிடும்; தப்பு தெரியாது. எஸ் = 1 என்றும் ஒரு தடவை போடுங்கள். கட்டளை 17, வேகம் 20. கரண்ட் 3 × 20 = 60. கழிவு 12, பிழை 5, ஆம்ப்ளிஃபையர் 50, பேக் இஎம்எஃப் போக 30, இரண்டு மடங்கு 60. சரி. எஸ் = 1 என்பதற்கு இங்கே இயற்பியல் பொருள் தேட வேண்டாம். சமன்பாடு எந்த எண்ணுக்கும் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அலகையும் பாருங்கள். ஒரு சம்மிங் பாயிண்டில் வோல்ட்டும் ஆம்பியரும் நேராகச் சந்தித்தால் நடுவே ஒரு பிளாக் விட்டுப்போயிருக்கிறது.

## விதி செல்லாத இடங்கள்

அடுத்தடுத்த பிளாக்குகளைப் பெருக்கலாம் என்பது, பின்னால் வருவது முன்னால் உள்ளதைப் பாதிக்காதவரைதான். ஒரே அளவு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் கொண்ட இரண்டு ஃபில்டர்களை எடுங்கள், ஒவ்வொன்றும் தனியாக 1 ÷ (எஸ் + 1). பெருக்கினால் கீழே எஸ்² + 2எஸ் + 1. உண்மையில் வயரால் இணைத்து அளந்தால் எஸ்² + 3எஸ் + 1. இரண்டாவது ஃபில்டர் முதலாவதிலிருந்து கரண்ட் இழுக்கிறது. அந்த இழுப்பு படத்தில் இல்லை. இதை லோடிங் என்பார்கள். நடுவில் ஒரு பஃபர் ஆம்ப்ளிஃபையர் (முன்னாலிருந்து கரண்ட் இழுக்காமல் வோல்டேஜை மட்டும் கடத்துவது) போட்டால் பெருக்கல் சரியாகும். மோட்டாரில் பேக் இஎம்எஃப் வளையத்தைத் தனியாக வரைந்ததும் இதே காரணத்துக்குத்தான்: பின்னால் உள்ள வேகம் முன்னால் உள்ள கரண்டைப் பாதிக்கிறது.

இன்னொன்று, மேலும் கீழும் அடிபடும் கோவைகள். (எஸ் − 1) ÷ (எஸ் + 2) என்ற பிளாக்குக்கு அடுத்து 1 ÷ (எஸ் − 1) வந்தால், காகிதத்தில் 1 ÷ (எஸ் + 2) என்று சாதுவாக நிற்கும். ஆனால் 1 ÷ (எஸ் − 1) தன்னிச்சையாக வளர்ந்துகொண்டே போகும் பிளாக். சிறு சலசலப்பு கிடைத்தாலும் அதன் வெளியீடு பெருகி எல்லையைத் தொடும். கழித்தல் குறியுள்ள இப்படிப்பட்ட கோவையை அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

வளையங்கள் ஐந்தாறுக்கு மேல் போனால் ஒவ்வொன்றாக நகர்த்துவது கண்ணைக் கட்டும். அதற்கு 1950-களில் சாமுவேல் மேசன் கொடுத்த சூத்திரம் இருக்கிறது; படத்தை நகர்த்தாமலே வளையங்களைப் பட்டியலிட்டு விடை எடுக்கலாம். ஸைலேப் போன்ற இலவச மென்பொருளும் நொடியில் சுருக்கித் தரும். எதை உள்ளீடு, எதை வெளியீடு என்று மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும்.

## போட்டுப் பார்க்க

அதே மோட்டாரில் கரண்ட் கிளையை 0.2-லிருந்து 0.45 ஆக்குங்கள். வேக வளையம் இல்லை. வேகம் ÷ கட்டளை என்ன? நிலையான காற்றுக்கு வேகம் எவ்வளவு குறையும்?

இரண்டாவது வழியில் போங்கள். கரண்ட் வளையம் 20 ÷ (1 + 9) = 2. விடை 2 ÷ (2எஸ் + 1.2). கட்டளை 6 கொடுத்தால் வேகம் 10. பின்னோக்கி வந்தால் கரண்ட் 10, கழிவு 4.5, பிழை 1.5, ஆம்ப்ளிஃபையர் 15, பேக் இஎம்எஃப் போக 5, இரண்டு மடங்கு 10. காற்றுக்கு − 1 ÷ (2எஸ் + 1.2), நிலையில் 0.833. கிளை 0.2 ஆக இருந்தபோது 0.714. கரண்டைக் கூடுதலாகக் கட்டிப் பிடித்தால் சுருள் பிழைக்கும், ஆனால் காற்றுக்கு மோட்டார் இன்னும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அதை வேக வளையம்தான் ஈடுகட்ட வேண்டும்: 5-ஆல் பெருக்கும் அதே வேக வளையத்தைத் திரும்பப் போட்டால் − 1 ÷ (2எஸ் + 11.2) வருகிறதா என்று பாருங்கள்.